பெண்ணின் இயல்பும் பணியிடத்தின் விதியும்

தொழிலிலும் உத்தியோகத்திலும் முன்னேற விரும்பும் பெண்களுக்கு, "தயங்காமல் உங்கள் இயல்போடு இருங்கள், தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" என்ற அறிவுரை இன்று பயிற்சி வகுப்புகளிலும் மகளிர் தின விழாக்களிலும் தாராளமாக வழங்கப்படுகிறது. அந்த அறிவுரைக்குள் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது என்பதே இம்மேடையின் வாதம். பெண் தன் இயல்போடு பணியாற்ற முடியாமற்போனதற்கு அவளுடைய கூச்சம் காரணமன்று. அவ்வாறு இருந்தால் வேலை போகும், பதவி உயர்வு நிற்கும், கடன் கிடைக்காது என்று அரசும் நிறுவனங்களும் எழுதியும் எழுதாமலும் வகுத்துவைத்த விதிகளே காரணம். விதியைத் தொடாமல் பெண்ணைத் திருத்தப் புறப்படுவது, அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவளுக்குப் பொறுமை போதிப்பதற்கு ஒப்பாகும்.

எழுதப்பட்ட விதிகளை முதலில் பார்க்கலாம். 1951-ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாநிலத்தில் பணியேற்ற அன்னா ராஜம் அம்மையாரின் நியமன ஆணையிலேயே, திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்ற நிபந்தனை இருந்தது. 1949-இல் வெளியுறவுப் பணியில் முதல் பெண்ணாகச் சேர்ந்த, குடகில் பிறந்து சென்னையில் கல்வி பயின்ற சி.பி. முத்தம்மா, தூதராகவே பணியாற்றிய பின்னரும் உயர்நிலைப் பதவி மறுக்கப்பட்டு உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட நேர்ந்தது. மணம் புரிவதற்கு முன் அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும் என்றும், குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் பெண் அதிகாரி பதவி விலக வேண்டும் என்றும் அத்துறையின் விதி கூறியது. குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறாகுமானால் ஆணின் பணிக்கும் அவ்வாறே ஆகலாமல்லவா என்று 1979-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுப்பிய வினாவுக்கு இன்றுவரை எவராலும் விடை கூற இயலவில்லை.

ஆயினும் நீதிமன்றமும் எப்போதும் துணை நின்றதில்லை. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தொடுத்த நர்கேஷ் மீர்ஸா வழக்கில் 1981-இல் வெளிவந்த தீர்ப்பு, முதன்முறை கருவுற்றாலே வேலை நீங்கும் என்ற விதியைப் பெண்மைக்கு இழைத்த அவமதிப்பு என்று கூறி நீக்கியது. அதே தீர்ப்பு, பணியில் சேர்ந்த 4 ஆண்டுகளுக்குள் மணம் புரியக் கூடாது என்பதையும், உடன் பணியாற்றிய ஆண்கள் 58 வயதுவரை நீடிக்கையில் பெண்கள் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும் என்பதையும் செல்லுபடியாக்கியது. இளமையும் கன்னிமையும் வேலைக்கான தகுதிகளாக அங்கீகரிக்கப்பட்ட இடத்தில், எந்தப் பெண் எவ்வாறு தன் இயல்போடு இருந்திருக்க முடியும்?

எழுதப்பட்ட விதி அழிந்த பின் எழுதப்படாத விதி அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்காய்வு நிறுவனத்தில் 1982-இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் ஒரே பெண்ணான ஆன் ஹாப்கின்ஸ், அரசுத் துறையொன்றிடமிருந்து பெரும் ஒப்பந்தத்தை ஈட்டித் தந்தவர். அவரிடம் கடுமை மிகுதி என்று குறை கூறப்பட்டது; பெண்மையோடு நடக்கவும் பேசவும் உடுக்கவும், முகப்பூச்சும் நகையும் அணியவும் அவருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது. பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள், இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே வார்த்துவைத்த எண்ணத்தால் ஒருவரை அளப்பதும் பாலினப் பாகுபாடே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1989-இல் அறிவித்தது. பதவிக்கு உறுதி தேவை என்று கேட்டுவிட்டு, பெண்ணிடம் உறுதி தென்பட்டால் திமிர் என்றும், மென்மை தென்பட்டால் தகுதியின்மை என்றும் தள்ளுகிற இந்த ஏற்பாட்டை ஆய்வாளர்கள் இரட்டைப் பொறி என்பர். எந்தப் பக்கம் அடி எடுத்துவைத்தாலும் கால் சிக்கும் என்பதே அதன் பொருள்.

இப்பொறி உயர் பதவிகளுக்கு மட்டும் உரியதன்று. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹோக்சைல்ட் 1983-இல் வெளியிட்ட நூலில் உணர்வுழைப்பு என்ற கருத்தை முன்வைத்தார். உள்ளத்தில் எது இருப்பினும் முகத்தில் புன்னகையை வரவழைத்து, அதையே ஊதியத்துக்காக விற்க வேண்டிய உழைப்பு அது. ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்றபடியே சிரித்த முகத்தோடு புடவை விரித்துக் காட்டும் பெண்களிடம் அந்த உழைப்போடு காலும் இடுப்பும் சேர்த்தே கேட்கப்பட்டன. கோழிக்கோட்டில் பெண்கூட்டு அமைப்பினர் நடத்திய போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018-இலும், தொடர்ந்து தமிழ்நாடு 2021-இலும் கடைச் சட்டத்தைத் திருத்தி, பணியிடையே உட்கார இருக்கை தரப்பட வேண்டும் என்று விதித்தன. உட்காரும் உரிமைக்கே சட்டம் தேவைப்பட்ட நாட்டில், தன்னம்பிக்கை வகுப்பு எதைச் சாதிக்கும்?

பணியிடத்தில் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தானே போக வேண்டும் என்று கேட்போர் உண்டு. ஒழுங்குக்குக் கட்டுப்படுவதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் நேரம், இடமாற்றம், பதவி உயர்வு ஆகிய அனைத்தும், சமைத்துப் போடவும் பிள்ளை வளர்க்கவும் வீட்டில் வேறொருவர் இருக்கும் மனிதரை எண்ணியே அமைக்கப்பட்டன என்பதையும், அந்த மனிதர் பெரும்பாலும் ஆணாகவே இருந்தார் என்பதையும் அவர்கள் மறக்கின்றனர். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தல் என்பது மேலாடையை மாற்றுவதோடு முடிகிறது. மற்றவருக்கோ தாய்மையையே மறைத்துக்கொள்வதாக நீள்கிறது.

அமைப்பு மாறினால் பெண் எவ்வளவு தூரம் செல்வாள் என்பதற்கு அகமதாபாத் சான்று பகர்கிறது. எலா பட் 1972-இல் தோற்றுவித்த சேவா அமைப்பைச் சேர்ந்த, தலைச்சுமைக்காரர்களும் காய்கறி விற்போருமான 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு செலுத்தி, 1974-இல் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். எழுத்தறியாதவர்கள் என்று பிற வங்கிகள் தயங்கிய இடத்தில், கணக்குப் புத்தகத்தில் ஒட்டிய புகைப்படத்தை அடையாளமாக ஏற்று அவ்வங்கி அவர்களை வரவேற்றது. அப்பெண்கள் தம் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. வங்கி தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. நேர்காணலில் ஆணிடம் கேட்கப்படாத திருமணம், குழந்தை பற்றிய வினாக்கள் பெண்ணிடமும் கேட்கப்படக் கூடாது. பதவி உயர்வுக்கான அளவுகோல்கள் எழுத்தில் இருக்க வேண்டும். அவை இருபாலருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் பேறுகால விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது நன்றே எனினும், அதற்கான ஊதியச் சுமை பெரும்பாலும் வேலை தருபவர் மீதே விழுவதால் பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் நிலை உண்டாகிறது; அச்சுமையை அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும், தந்தைக்கும் விடுப்பு தனியார் துறையில் சட்டப்படி உறுதியாக வேண்டும். தொழில் தொடங்கும் பெண்ணின் கடன் விண்ணப்பம் கணவரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

அவையோர்களே! "நீ நீயாக இரு" என்று பெண்ணுக்கு அறிவுரை கூறும் ஒவ்வொரு நிறுவனமும், அவ்வாறு இருந்தால் வேலையும் உயர்வும் பறிபோகா என்பதை முதலில் தன் விதிப்புத்தகத்தில் எழுதித் தரட்டும்!