வீட்டுச் சிறையில் ஓர் அங்கதப் பாட்டு

கொவிட் முடக்கம் என்றதும் ஒப்பாரியே நினைவுக்கு வரும். 2021 ஏப்ரலில் மிக் ஜாகரும் டேவ் குரோலும் வெளியிட்ட 'ஈஸி ஸ்லீஸி' என்ற றொக் பாடலோ முழு அங்கதம். 77 வயது ஜாகர் பாட்டெழுதிப் பாடினார், கிற்றாரும் வாசித்தார். குரோல் வேறோரிடத்திலிருந்து ட்ரம்ஸ், பேஸ், கிற்றார் மூன்றையும் சேர்த்தார். சம்பா நடனம் பயிலப்போய் விழுந்தது, 'ஸூம்' சந்திப்பு, உதைபந்தாட்டத்தின் போலிக் கைதட்டல் என்று தன்னையும் உலகையும் சேர்த்தே கேலி செய்கிறார் ஜாகர். பிறகு தடுப்பூசிச் சதிக்கதைகள். அவற்றை நம்புகிறவனின் வாயாலேயே பாடுகிறார். கவனமில்லாதவர் அதை வாக்குமூலமென்றே கொள்ளலாம்!

சாவு மலிந்த காலத்தில் சிரிக்கலாமா? புரளியை நம்பி ஊசியை மறுத்தவர்களும் மாண்டார்கள். ஜாகர் சிரிப்பது அந்தப் புரளியைப் பார்த்துத்தான்.