கவ்வாத்துக் கத்தி மலையோடு இருக்கட்டும்

(பிள்ளை மடுவத்தில் நடந்த தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

இன்று கத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறோம். "கத்தியைப் பற்றி எங்களுக்கே பாடமா?" என்று நீங்கள் சிரிக்கலாம். நியாயம்தான். கவ்வாத்து மலையில் செடியின் வாதைப் பிளவு விழாமல் ஒரே வெட்டில் சாய்க்கிற கை உங்கள் கை. விறகுக்குப் போகிற அம்மாமார் இடுப்பிலும் கத்தி உண்டு. கத்தி இல்லாமல் தோட்டமே இல்லை. ஆகவே கத்தி பிடிப்பது எப்படி என்று நாங்கள் சொல்லித்தரப் போவதில்லை. அந்தக் கத்தி மலையை விட்டு டவுனுக்கு இறங்கினால் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது என்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

வேலைக்கான கத்தியை வீட்டில் வைத்திருப்பதும், மலைக்குக் கொண்டுபோவதும் யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள். அது தொழில் ஆயுதம். ஆனால் அதே கத்தி சம்பள நாள் பொழுதுசாய டவுனிலே, தவறணை வாசலிலே, தேர்த் திருவிழாக் கூட்டத்திலே சாரத்துக்குள் செருகியிருந்தால் கதை வேறு. பொலிஸார் கேட்கிற முதல் கேள்வி, "இது இங்கே எதற்கு?" என்பதுதான். "மலையிலிருந்து நேரே வந்தேன், பட்டறையில் தீட்டக் கொண்டுபோகிறேன்" என்றால் அது ஒரு பதில். "சும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றால் அது பதில் இல்லை, சந்தேகத்தை வளர்க்கிற பேச்சு. நியாயமான சந்தேகம் இருந்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்ய 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் பொலிஸாருக்கு இடம் கொடுக்கிறது.

"சின்னக் கத்திதானே, மூன்று விரல் நீளம்கூட இல்லையே" என்று நம் இளந்தாரிகள் சொல்வதுண்டு. தம்பிமாரே, ஒருவரைக் காயப்படுத்தின பிறகு கத்தியின் நீளம் உங்களைக் காப்பாற்றாது. குத்துவதற்கோ வெட்டுவதற்கோ உதவுகிற கருவியா என்றுதான் தண்டனைச் சட்டக்கோவை பார்க்கிறது. அந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கையால் அடித்துக் காயப்படுத்தினால் 314ஆம் பிரிவு, ஒரு வருடம் வரை சிறை. அதே காயம் கத்தியால் வந்தால் 315ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை. ஒருவருக்குக் கண் போனது, கை செயலிழந்தது, எலும்பு முறிந்தது என்றால் அது கொடுங்காயம். அதைக் கத்தியால் செய்திருந்தால் 317ஆம் பிரிவு, பத்து வருடம் வரை. சண்டை ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான். இடுப்பில் இருந்த கத்தி ஒரு வருடத்தைப் பத்து வருடமாக்கிவிடுகிறது.

வெட்டவே இல்லை, தூக்கிக் காட்டினது மட்டும்தான் என்றாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். "கொன்றுபோடுவேன்" என்று மிரட்டுவது 486ஆம் பிரிவின் கீழ் குற்றம். அதற்கு ஏழு வருடம் வரை சிறை உண்டு.

இன்னொன்று. மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தகராறு வந்தால், "வாடா, ஒரு கை பார்த்துவிடுவோம்" என்று கூட்டமாகக் கிளம்புகிறோம். ஐந்து பேரோ அதற்கு மேலோ தப்பான நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அதில் கொலை ஆயுதத்தோடு நிற்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக ஒருவன் வெட்டினாலும், கூட நின்ற எல்லோர் தலையிலும் அந்தக் குற்றம் விழும். இது 146ஆம் பிரிவு. "நான் சும்மா பின்னால்தான் நின்றேன்" என்கிற பேச்சு நீதவானிடம் எடுபடுவது கஷ்டம். "குடிவெறியில் செய்துவிட்டேன்" என்பதும் அப்படித்தான். தானாக விரும்பிக் குடித்த குடி சாக்காகாது.

தற்காப்பு உரிமை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உங்கள் உயிருக்கு ஆபத்து வந்தால் தடுக்கலாம். ஆனால் தடுப்பதற்குத் தேவையானதற்கு மேல் போகக் கூடாது. அடித்தவன் திரும்பி ஓடும்போது துரத்திப்போய் வெட்டினால் அது தற்காப்பு அல்ல.

பிள்ளைகள் விஷயத்தில் தாய்மார் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பென்சில் சீவக் கத்தி என்று பள்ளிக்கூடப் பையில் போவது, விளையாட்டுச் சண்டையில் வெளியே வரும். குற்றப் பொறுப்பு வயது 2018இல் 8இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது. 12 தாண்டிய பிள்ளை நீதிமன்றம் போக வேண்டி வரலாம். பென்சில் சீவ, சீவும் கட்டை போதும்.

அப்படியானால் என்ன செய்வது? வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவி, சாக்கில் சுற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தீட்டவோ பிடி போடவோ டவுனுக்குக் கொண்டுபோனால் அலகைச் சுற்றிக் கட்டி, பைக்கு அடியில் வையுங்கள். போன வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வாருங்கள். தவறணைக்கும், கோயில் கூட்டத்துக்கும் கத்தியோடு போகவே வேண்டாம். வாய்த்தகராறு என்றால் தலைவர்மாரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த சபை அது, சின்னப் பிணக்குகளைத் தீர்க்கத்தான் இருக்கிறது. வீட்டுக்குள்ளே புருஷன் கத்தி தூக்குகிறார் என்றால், 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அம்மாமாரே, இதை வெட்கம் என்று மறைக்காதீர்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

யாராவது கைதானால் பதறவும் வேண்டாம், பொலிஸாரோடு மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை சொல்கிறது. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள், பிரயாண நேரம் நீங்கலாக, நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். சிங்களத்தில் எழுதின வாக்குமூலம் விளங்காவிட்டால், "தமிழில் வாசித்துச் சொல்லுங்கள் ஐயா" என்று மரியாதையாகக் கேளுங்கள். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழிதான். விளங்காத கடதாசியில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். லோயருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது அது, வசதியில்லாதவர்களுக்காகவே ஏற்பட்டது.

ஒரு வெட்டுக்கு ஒருவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான், இன்னொருவன் மறியலுக்குப் போகிறான். இரண்டு வீட்டிலும் பேர் விழாது, இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பட்டினி. வழக்குத் தவணைக்குப் போய் வரவே நகையை அடகு வைக்க வேண்டி வரும். இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நமக்குச் சோறு போடுகிற கத்தி இது. அது மலையோடும் வேலையோடும் இருக்கட்டும். டவுனுக்கு வெறுங்கையோடு போய், சாமானோடு வீடு திரும்புவோம்.