கட்டாயப் பட்டாளமும் மூல தஸ்தாவேஜுகளும்

(தியாகராயநகரில் ஆற்றிய சொற்பொழிவு)

யுத்த காலத்தில் ஜனங்களைக் கட்டாயமாகப் பட்டாளத்தில் சேர்ப்பது பற்றி நம் நாட்டில் நடந்த வாதத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. "பெரியவர்கள் சொன்னார்கள், ஏட்டில் இருக்கிறது" என்பதைப் புராணத்துக்கு ஒப்புக்கொள்ளாதவர்கள், சரித்திரத்துக்கு மாத்திரம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ஆகவே, அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட மூல தஸ்தாவேஜுகளை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, சட்டம். 1917-ம் வருஷத்து இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டப்படி, 16 வயது முதல் 50 வயது வரையிலுள்ள ஐரோப்பிய பிரிட்டிஷ் பிரஜைகளுக்குத்தான் கட்டாயம். இந்தியர்கள் இஷ்டப்பட்டால் சேரலாம். இதை மாத்திரம் படிக்கிறவர், இந்தியனை யாரும் பலவந்தப்படுத்தவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் 1918 மே மாதத்தில் பஞ்சாப் லெப்டினண்ட் கவர்னர் ஓட்வையர் 2 லட்சம் ஆட்கள் வேண்டுமென்றும், இஷ்டப்பட்டு வராவிட்டால் கட்டாயம்தான் என்றும் பேசினார். காங்கிரஸ் விசாரணைக் கமிட்டியார் 1920-ல் வெளியிட்ட வாக்குமூலங்களைப் பார்த்தால், கிராமங்களில் ஆள் பிடித்த விதம் தெரியவருகிறது. சட்டப் புஸ்தகத்தில் இல்லாத கட்டாயம், குடியானவனின் சாட்சியத்தில் இருக்கிறது! ஒரே தஸ்தாவேஜை நம்பினால் மோசம் போவோம் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

நிற்க. நம் ஊருக்கு வருவோம். 1917 ஜூன் மாதத்தில் அடையாற்றிலிருந்த பெசண்ட் அம்மையாரைச் சென்னை சர்க்கார் காவலில் வைத்தது. அம்மாதம் 24-ந் தேதி, மயிலாப்பூரில் வாழ்ந்த எஸ். சுப்பிரமணிய அய்யர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியாவுக்கு சுயாட்சி அளிப்பதாக வாக்குக் கொடுத்தால், 3 மாதத்தில் 50 லட்சம் பேரும், அடுத்த 3 மாதத்தில் இன்னும் 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வருவார்கள் என்பது அதில் கண்ட விஷயம். 1918-ல் இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமெண்டில் இதைக் கண்டித்ததும், அய்யர் தமது சர் பட்டத்தைத் துறந்தார். அந்தத் துணிவை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 4 வருஷத்துக்கு மேல் நடந்த யுத்தத்தில் இந்தியா முழுவதும் சேர்க்கப்பட்டவர்கள், சண்டை போடாத வேலைக்காரர்களையும் சேர்த்து, ஏறத்தாழ 14 லட்சம். சென்னை மாகாணத்தின் பங்கு 1 லட்சத்துக்கும் குறைவு. அப்படியிருக்க, 6 மாதத்தில் ஒரு கோடிப் பேர் எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சேரியிலிருந்து வருவார்கள்? அவர்களைக் கேட்டுத்தான் எழுதுகிறோம் என்று கடிதம் சொல்லுகிறதா? இல்லை. அடுத்த வருஷம் கேடா ஜில்லாவில் காந்தியார் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்திலும் இதே கணக்குத்தான்: 600 கிராமம், கிராமத்துக்கு 20 பேர், ஆக 12,000 பேர்!

இதை ஒரு கட்சிக்காரர் மேல் மாத்திரம் குற்றமாகச் சொல்லிவிட்டுப் போவது யோக்கியமாகாது. இந்த நகருக்குப் பேர் கொடுத்த தியாகராயரின் கட்சியாரும் அன்று ராஜ விசுவாசமே பேசினார்கள். அவர்களது "ஜஸ்டிஸ்" பத்திரிகையைப் புரட்டும்போதும், "போகிறவனைக் கேட்டீர்களா?" என்று கேட்டே தீர வேண்டும். வேண்டியவர் என்பதற்காகத் தராசைச் சாய்த்தால் அது பகுத்தறிவாகுமா?

வாலிபத் தோழர்களே! எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அடையாற்றுக்கு அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அக்காலத்துத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி சர்க்கார் தயாரித்த ரகசிய வாராந்தர அறிக்கைகளையும் காணலாம். ஆனால் அவை சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் தமக்கு வேண்டியதைப் பொறுக்கி இங்கிலீஷில் சுருக்கியவை. அசல் பத்திரிகை கிடைத்தால் ஒத்துப் பார்க்காமல் விடாதீர்கள். எழுதியவன் யார், யாருக்கு எழுதினான், எதை எதிர்பார்த்து எழுதினான், யாருடைய பேச்சு அதில் இல்லை என்று கேளுங்கள்.

கடைசியாக ஒரு தஸ்தாவேஜு. தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் ஒரு சிறு கல்வெட்டு உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து 1914 முதல் 1919 வரை மகா யுத்தத்துக்குப் போனவர் இத்தனை பேர், மாண்டவர் இத்தனை பேர் என்று அதில் இருக்கும். தொகை இருக்கும், பேர் இருக்காது. கடிதம் எழுதினவர் பேரும், பிரசங்கம் செய்தவர் பேரும் சரித்திரத்தில் நிற்க, செத்தவன் மாத்திரம் வெறும் எண்ணாக நிற்கிறான்!

இனி யாராவது உங்களிடம் வந்து, வாலிபர்களுக்கெல்லாம் கட்டாயப் பட்டாளம் வேண்டும் என்று பேசினால், "யார் வீட்டுப் பிள்ளைக்கு? அவனைக் கேட்டீர்களா?" என்று கேளுங்கள். இவ்வளவுடன் முடித்துக்கொள்ளுகிறோம்.