உதவி போக மீதி எவ்வளவு?





நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து வியாபாரத்துக்கு வந்தவன். மேடைப் பேச்சு தெரியாது. கணக்கு கொஞ்சம் தெரியும். அதையே பேசுகிறேன்.

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் தனியார் கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் நம் வீடு தேடி வருகின்றன. "உபகாரச் சம்பளம் உண்டு, பி.டி.பி.டி.என். உண்டு, கையிலிருந்து கொஞ்சம் கட்டினால் போதும்" என்கிறார்கள். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பல குடும்பங்கள் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்காமலே கையெழுத்துப் போடுகின்றன.

ஓர் உதாரணம் பார்ப்போம். மூன்றாண்டுக் கட்டணம் 54,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி 10,000 குறைக்கிறது. பி.டி.பி.டி.என். 24,000 தருகிறது. மீதி 20,000தானே என்று தோன்றும். ஆனால் பி.டி.பி.டி.என். கடன். கடனுக்கு வாங்கிய சரக்கைத் தள்ளுபடியில் வாங்கியதாக எந்தக் கடைக்காரரும் எழுதுவதில்லை. ஆகவே கட்டணம் 44,000. விடுதி, சாப்பாடு, பேருந்து எல்லாம் மாதம் 700 என்றால் 36 மாதத்துக்கு 25,200. கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா. பத்தாண்டில் கட்டினால் 2,400. மொத்தம் 71,600 வெள்ளி!

முதல் வகுப்பில் பட்டம் பெற்று நிபந்தனைகளை நிறைவு செய்தால் கடன் விலக்கு உண்டு. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இ.பி.எஃப்.பிலிருந்து எடுப்பதும் உதவியல்ல. அது நம் முதுமைக்கான பணம்.

எனவே சேருமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். சலுகை எல்லா ஆண்டுக்குமா? மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா? பதிவு, தேர்வுக் கட்டணங்கள் அதில் அடங்குமா? படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது அல்லவா?

தனியார் கல்லூரியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளை விரும்பும் படிப்பு அங்கேதான் இருக்கலாம். வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் விடுதிச் செலவும் மிஞ்சும். ஆனால் மெர்லிமாவ் பாலிடெக்னிக்கில் ஒரு பருவத்துக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். டிப்ளோமாவுக்குப் பிறகு பட்டப்படிப்புக்கும் போகலாம். டுரியான் துங்கலில் யூடெம் பல்கலைக்கழகம் இருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஸகாத் கல்வி உதவி கிடைக்கும். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கேட்க வெட்கப்படாதீர்கள், அது உரியவர்களின் உரிமை.

பொன்விழாக் காணும் நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் ஒரு மாலை நம் மண்டபத்தில் மேசை போடுங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த இளைஞர்களும் கணக்குத் தெரிந்த வியாபாரிகளும் உட்காருவோம். தோட்டத்திலிருந்து வரும் தாய், நகையை அடகு வைக்குமுன் எங்களிடம் அந்தத் தாளைக் காட்டட்டும். முதல் நாற்காலியில் நான் உட்காருகிறேன், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.