பெயரும் பிறந்த தேதியும்: ஆவணப் பிழைகளைத் திருத்துவோம்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பௌதிகம் படித்துவிட்டு அரசு உத்தியோகத்தில் 34 ஆண்டுகள் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்றபின் இந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறேன். இரு பக்கமும் நான் கண்ட உண்மை ஒன்றுதான். ஆவணத்தில் உள்ள பிழை, அந்த ஆவணம் தேவைப்படும் நாள் வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

என் அத்திம்பேர் காலமானபின் அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் ஏழு மாதம் வரவில்லை. பென்ஷன் உத்தரவில் அக்காவின் பெயர் மட்டும் இருந்தது. ஆதாரில் அத்திம்பேரின் பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒருவரே என்று 79 வயதில் அவள் நோட்டரி முன் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது.

நம்மவர்களுக்கு இந்தத் தொல்லை ஏன் அதிகம்? முதல் காரணம் இனிஷியல். வடக்கே படிவத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஒன்றில் தகப்பனார் பெயரும், மற்றொன்றில் ஊர்ப் பெயரும், வேறொன்றில் 'ஐயர்' என்றும் எழுதிவிடுகிறோம். இரண்டாவது, ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவது. மூன்றாவது, தேதி. பஞ்சாங்கத்தில் நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது, அரசாங்கத்துக்கு நள்ளிரவில். திங்கள் இரவு தூங்கப் போனபின் இரண்டு மணிக்குப் பிறந்த குழந்தை ஜாதகத்தில் திங்கட்கிழமை, பதிவேட்டில் செவ்வாய்க்கிழமை. இரண்டும் சரியே. ஆனால் படிவத்தில் எழுத வேண்டியது பதிவேட்டுத் தேதிதான்.

பரிசோதனைச் சாலையில் நாலு தராசு நாலு எடை காட்டினால், நம்பகமான ஒன்றை அளவுகோலாகக் கொண்டு மற்றவற்றைச் சரிசெய்வோம். இங்கும் அதே முறைதான். பிறப்புச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு அதுவே அளவுகோல். வீட்டிலேயே பிறந்து பதிவு செய்யப்படாத நம் வயதினருக்கு பள்ளி இறுதிச் சான்றிதழ்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். வேரைத் திருத்திவிட்டுக் கிளைகளுக்கு வாருங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 15-ஆவது பிரிவின்படி, தவறான பதிவைப் பதிவாளரே திருத்தலாம். பழைய எழுத்தை அழிக்காமல், ஓரத்தில் திருத்தம் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திடுவார். பெயர் சூட்டும் முன்பே பதிவான குழந்தையின் பெயரை ஓராண்டு வரை கட்டணமின்றியும், பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். பேரக் குழந்தைகளின் சான்றிதழில் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 1-10-2023 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்கு, பள்ளி, பாஸ்போர்ட் போன்றவற்றில் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம்.

ஆதாரில் அவசரம் வேண்டாம். பொதுவாகப் பெயரை இரு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்குப் படிவம் 8. பாஸ்போர்ட்டில் பேனாவால் திருத்த மாட்டார்கள். விவர மாற்றத்துடன் மறு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எழுத்துப் பிழையாக இல்லாமல் பெயரையே மாற்றுவதானால் அரசிதழ் அறிவிப்பு தேவைப்படும்.

இதெல்லாம் வெறும் காகிதம்தானே என்று சிலர் நினைக்கலாம். ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1-7-1987-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பிடமே பொதுவாகப் போதும். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையும் கணக்கில் வருகிறது. ஆக, உங்கள் பெயரில் உள்ள பிழை உங்களோடு நிற்காது. பிள்ளைகளின் தாள்களிலும் தொடரும்.

அஸ்ஸாமில் 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டார்கள். அங்கே பல குடும்பங்களுக்குப் பெயரின் எழுத்து வித்தியாசமே வழக்காயிற்று. அஸ்ஸாமைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், சிறு எழுத்து வேறுபாடுகளை வைத்து ஒருவரை அந்நியர் என்று கூறிவிட முடியாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைத்தது, ஆனால் உச்ச நீதிமன்றம் வரை நடந்த பிறகு! எல்லோராலும் அது இயலுமா?

ஆகவே என் வேண்டுகோள் எளியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆவணங்களையும் எடுத்து, ஒரே தாளில் ஒவ்வொன்றிலும் உள்ள பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி ஆகியவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் மறுநாளே மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இளைஞர்களே, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக வசிக்கும் மாமா மாமிகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இந்த வேலையைச் செய்து கொடுங்கள். அதுவும் தர்மம்தான்.