வெள்ளமும் வாடகையும்: வரைபடம் யாருக்காக?

(ஐதராபாத், பேகம்பேட்டில் கட்சித் தோழர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



2000 ஆகஸ்ட் 24 அன்று, இதே பேகம்பேட் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 24 செ.மீ. மழை பதிவாயிற்று. பெய்த மழைக்குத் துல்லியமான கணக்கு உண்டு. ஆனால், நாலா எனப்படும் வடிகால் ஓடைகளின் கரையில் அந்நீரில் நின்றவர்கள் எச்சாதியினர், எம்மதத்தினர், வருவாயில் எத்தனை பங்கை வாடகையாகக் கொடுத்தவர்கள் என்பதை எந்த வெள்ள வரைபடம் சொல்கிறது?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ‘சமூக நலிவுக் குறியீடு’ ஒன்றை வெளியிடுகிறது. பேரிடரில் முதலில் வீழ்பவர் யார் என்பதைப் பகுதிவாரியாக அறிய, வறுமை, முதுமை, இனச் சிறுபான்மை ஆகியவற்றோடு வீட்டுச் செலவுச் சுமையையும் அது கணக்கில் கொள்கிறது. வருவாயில் 30 விழுக்காடும் அதற்கு மேலும் குடியிருப்புக்கே கொடுக்கும் எளிய குடும்பம் சுமையுற்றதாகக் கருதப்படுகிறது. காரணம் தெளிவு: வாடகை போக மிச்சமில்லாதவர், அடுப்பும் அரிசியும் வெள்ளத்தில் போனால் எதைக்கொண்டு மீண்டெழுவார்?

அங்கே இனம் செய்வதை இங்கே சாதியும் மதமும் செய்கின்றன. சுகதேவ் தோரட்டும் உடனாய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியாயிற்று. வாடகைக்கு வீடு தேடிய தலித்துகள் மறுக்கப்பட்டதையும், முஸ்லிம்கள் அவர்களினும் மிகுதியாக மறுக்கப்பட்டதையும் அது காட்டியது. மேட்டில் இடம் மறுக்கப்பட்டவர் தாழ்நிலத்துக்கே வந்து சேர்கிறார். வேறு போக்கிடம் இல்லாதவரிடம் வீட்டுக்காரர் கேட்டதே வாடகை.

ஆயினும், வரைபடம் தானாக நன்மை செய்துவிடாது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் தீட்டியது. கடன் கொடுக்கத் தகாத பகுதி என்பதே அந்நிறத்தின் பொருள். 2024இல் நம் மூசி ஆற்றங்கரை வீடுகளின் சுவர்களிலும் ‘ஆர்பி-எக்ஸ்’ என்று சிவப்பெழுத்தில் குறியிட்டார்கள். முதலாளித்துவம் குடியிருப்புச் சிக்கலைத் தீர்ப்பதில்லை, வேறிடத்துக்கு நகர்த்துகிறது என்று 1872லேயே எங்கெல்ஸ் விளக்கிவிட்டார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வீடு சொந்தமா வாடகையா என்று கேட்டது. வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. இக்கேள்வி சேர்க்கப்பட வேண்டும். தெலங்கானா அரசின் 2024 சாதிக் கணக்கெடுப்பு விவரங்களைப் பெயர்கள் நீக்கி, வார்டு வாரியாக, வெள்ள வரைபடத்தோடு பொருத்தி வெளியிடுமாறு கோருவோம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள ரசூல்புரா முதலான பஸ்திகளில், மக்களின் இசைவோடு வீடுவீடாகச் சென்று கேட்போம்: வருவாய் எவ்வளவு? வாடகை எவ்வளவு? வெள்ளம் எதுவரை ஏறியது? வேறெங்கே வீடு கேட்டு மறுக்கப்பட்டீர்கள்? பட்டாதாரரை மட்டும் எழுதும் பட்டியலில் வாடகைக் குடும்பம் இடம்பெறாது. நிவாரணமும் மறுவாழ்வும் அதனை எட்டா. நம் பட்டியல் அக்குடும்பத்திலிருந்து தொடங்கட்டும். அப்பட்டியல் பஸ்தி மக்களின் கையிலேயே இருக்கட்டும்.