சொல் போனது, நினைவு போகவில்லை



நாங்கள் படித்த காலத்தில் மணி அடிக்கும் ஐயாவை ஒருவரும் பெரிதாகக் கவனித்ததில்லை. அவர் வராத நாளில்தான் பாடவேளைகள் குழம்பி, இடைவேளையும் தவறி, அவருடைய வேலை என்னவென்று எங்களுக்கு விளங்கியது. மூளையை ஆராய்ந்தவர்களும் இதே வழியைக் கையாண்டார்கள். ஒரு சிறு இடத்தின் வேலையைச் சில விநாடிகள் குழப்பி, எது தடைப்படுகிறது என்று பார்த்தார்கள்.

ஸ்கான் படத்தில் ஓரிடம் ஒளிர்ந்தால், பேசும்போது அந்த இடமும் வேலை செய்கிறது என்பது தெரியும். அது இல்லாமலும் பேச முடியுமா என்பதைப் படம் சொல்லாது. கட்டியை வெட்டி எடுக்கப்போகும் சத்திரசிகிச்சை நிபுணருக்கு வேண்டியது அந்த இரண்டாவது விடைதான்.

கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்பீல்ட் வலிப்பு நோயாளருக்கு அவர்கள் விழித்திருக்கும்போதே சத்திரசிகிச்சை செய்தார். தலைத்தோலை விறைக்கச் செய்தால் போதும். மூளைக்கு வலி தெரியாது. மிகச் சிறிய மின்னோட்டத்தால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டபடி, படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். விடை தடைப்படும் இடத்தில் எண் எழுதிய சிறு துண்டை வைப்பார்கள். அந்த இடத்தில் கத்தி படாமல் காப்பது அவர்கள் நோக்கம்.

ஒருவருக்கு வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் காட்டினார்கள். அவர் பேசாதிருந்தார். மின்முனையை எடுத்ததும் பெயரைச் சொன்னார். அந்தச் சொல் வராததால் அந்துப்பூச்சி என்ற சொல்லைத் தேடிப் பார்த்ததாகவும் சொன்னார். சொல் போனது, நினைவு போகவில்லை. பாரிசவாதத்தால் பேச்சிழந்த அம்மாவின் கட்டிலருகே நிற்கும்போது நாங்கள் இதை மறக்கக்கூடாது. பேச்சு வராதவர் எல்லோரும் விளக்கம் இல்லாதவர் அல்லர்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. மணி அடிக்காததால் பாடங்கள் குழம்பின என்பதற்காகப் பாடங்கள் மணிக்குள் இருந்தன என்று சொல்ல மாட்டோம். ஓரிடத்தைத் தொட்டபோது பேச்சு நின்றால், பேச்சுக்கு அந்த இடம் தேவை என்றே கொள்ளலாம். பேச்சு முழுவதும் அங்கே குடியிருக்கிறது என்று கொள்ள முடியாது.

இப்போது மண்டையோட்டைத் திறக்காமலும் இதைச் செய்யலாம். 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும், தலைக்கு மேல் பிடிக்கும் காந்தச் சுருளால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். அத்தகைய சுருளால் ஓரிடத்தின் வேலையைச் சிறிது நேரம் குழப்பவும் முடியும். ஆனால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களுக்கும் முன்கூட்டியே கவனமாகப் பார்க்க வேண்டும். எவருக்கும் சம்மதம் கேட்காமல் செய்யக்கூடாது.

நம்மில் பலர் இன்று கடல் கடந்து வாழ்கிறோம். அதனால் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறோம். 1978இல் ஜோர்ஜ் ஒஜெமன், ஹரி விற்றேக்கர் ஆகிய இருவரும் இருமொழி பேசுவோரை இவ்வாறு பரிசோதித்து எழுதினார்கள். சில இடங்களைத் தொட்டபோது இரு மொழிகளும் தடைப்பட்டன. வேறு சில இடங்களில் ஒரு மொழி மட்டும் கூடுதலாகத் தடைப்பட்டது. அப்படியானால் ஆங்கிலத்தில் மாத்திரம் பரிசோதித்தால், தமிழுக்குத் தேவையான இடம் குறிக்கப்படாமலே போகலாம்.

ஆகவே உங்கள் வீட்டில் எவருக்காவது இத்தகைய சத்திரசிகிச்சை வந்தால், அவர் பேசும் எல்லா மொழிகளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்த மொழியில் வேலை செய்கிறார், எந்த மொழியில் பேரப்பிள்ளையைக் கொஞ்சுகிறார் என்றும் சொல்லுங்கள். வைத்தியர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தெரிந்ததை எழுந்து நின்று சொல்லத்தானே இந்தக் கல்லூரி எங்களைப் பழக்கியது.